பழைய தகரமும் பலகையும் போதும்: வன்னி வளவில் ஒரு கோழிக்கூடு

நான் கட்டிய முதல் கோழிக்கூட்டை மரநாய் ஒரே இரவில் முடித்து வைத்தது. ஆறு பேடும் ஒரு சேவலும் விட்டிருந்தேன். விடியப் போய்ப் பார்த்தால் மூலையில் ஒடுங்கி நின்ற ஒரு பேடு மட்டும் மிச்சம். நான்கு கழுத்துக் கடிபட்டுக் கிடந்தன, இரண்டைக் காணவே இல்லை. பார்க்க வடிவான கூடு அது. கடையில் வாங்கிய புதுத் தகரம், நீலப் பெயின்ற் அடித்த கதவு. கூரைக்கும் பின்சுவருக்கும் நடுவே பொத்திய கை போகிற அளவுக்கு இடைவெளி விட்டிருந்தேன், காற்றோட்டமாம்.

பக்கத்து வளவு அப்பு வந்து கூட்டை ஒருதரம் சுற்றி நடந்தார். "பிள்ளை, நீ கூட்டுக்கு ஒரு வாசல் எண்டு நினைச்சுக் கட்டியிருக்கிறாய். மரநாயைக் கேட்டா ஏழெட்டுச் சொல்லும்" என்றார்.

இரண்டாவது கூட்டை அவர் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்லக் கட்டினேன். அதற்குக் காசு கொடுத்து வாங்கியவை வலை, பிணைச்சல் (கதவுக் கீல்), கொண்டி, கொஞ்சம் ஆணி, அவ்வளவுதான். மற்றதெல்லாம் வளவிலும் ஊரிலும் கிடந்த பழைய சாமான். புதிதாகக் கோழி வளர்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்: பகலில் ஊர்க்கோழிக்குக் கூடு தேவையில்லை, அது வளவெல்லாம் கிளறித் திரியும். கூடு இரவுக்கு. இரவில் வருகிறவற்றைத் தடுக்கிற இடத்தில் மட்டும் காசைப் போடுங்கள். சுவரும் கூரையும் எவ்வளவு பழையதாக இருந்தாலும் கோழி குறை சொல்லாது.

எத்தனை கோழி, எவ்வளவு கூடு

ஒரு வீட்டுக்கு ஆறு பேடும் ஒரு சேவலும் போதும். முட்டை மட்டும் வேண்டுமென்றால் சேவலும் தேவையில்லை, சேவல் இல்லாமலும் பேடு முட்டையிடும். குஞ்சு வேண்டுமென்றால்தான் சேவல். பகலில் திறந்து விடுகிற கோழிக்கு இரவில் படுக்க ஒன்றுக்கு இரண்டு சதுர அடி போதுமானது. ஆறு அடி நீளம், நாலு அடி அகலத்தில் கட்டினால் இருபத்து நாலு சதுர அடி. எட்டுக் கோழி தாராளமாகப் படுக்கும், முட்டைப் பெட்டி வைக்கவும் இடம் இருக்கும். முழுநாளும் அடைத்து வைக்கப் போகிறீர்கள் என்றால் இந்தக் கணக்கு சரிவராது. ஒன்றுக்கு நாலு சதுர அடியாவது உள்ளே கொடுத்து, வெளியே வலையடித்த முற்றமும் விட வேண்டும். அது வேறு வேலை, வேறு செலவு.

கீழே சொல்கிற அளவெல்லாம் இந்த ஆறுக்கு நாலு கூட்டுக்கு. உங்களிடம் கிடக்கிற பலகை ஐந்தரை அடி என்றால் கூட்டை ஐந்தரை அடியாக்குங்கள். பழைய சாமானில் கட்டும்போது அளவுக்குப் பலகை தேடக்கூடாது. பலகைக்கு அளவு தேட வேண்டும்.

சாமான் சேர்த்தல்

இந்த வேலையில் அரைவாசி இதுதான். ஆறுதலாகச் செய்யுங்கள். எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

தகரம் இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் தேடத் தேவையில்லாத பொருள். போர் முடிந்து மீள்குடியேறிய காலத்தில் தற்காலிகக் கொட்டிலுக்குக் கொடுத்த தகரங்கள், வீட்டுத்திட்டத்தில் கல்வீடு கட்டிய பிறகு பல வளவுகளில் வேலியோரம் சாய்ந்தபடி கிடக்கின்றன. ஓட்டை இருக்கும். எங்கள் பக்கம் சன்னம் (துப்பாக்கிக் குண்டு) பட்டு ஓட்டையாகாத தகரம் கிடைத்தால்தான் புதினம். ஓட்டை பரவாயில்லை, அடைக்கலாம். பார்க்க வேண்டியது துருவை. விரலால் அமர்த்தினால் நொறுங்குகிற தகரத்தைக் கூரைக்கு எடுக்காதீர்கள், அதைச் சுவருக்கு அடிப்பக்கமாகவும் போடாதீர்கள். கோழி அந்த ஓரத்தில் காலை வெட்டிக்கொள்ளும்.

பழைய அஸ்பெஸ்டஸ் சீற் சும்மா தருகிறோம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதை வெட்டினாலும் துளைத்தாலும் உடைத்தாலும் வருகிற தூசு நுரையீரலுக்குக் கேடு. ஓசிச் சாமானுக்காக அந்தத் தூசைக் குடிக்க வேண்டியதில்லை.

பலகைக்கு நல்ல இடம் ரவுணில் உள்ள ரைல்ஸ் கடைகளும் ஹாட்வெயார்களும். சாமான் அடுக்கி வருகிற பலகைத் தட்டுகளைக் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பின்பக்கம் எறிந்து வைத்திருப்பார்கள். பலர் சும்மா தருவார்கள், சிலர் சின்னக் காசு கேட்பார்கள். எடுக்கும்போது பக்கத்தில் உள்ள முத்திரையைப் பாருங்கள். 'எச்.ரி.' (HT) என்றால் சூடுகாட்டிப் பதப்படுத்திய மரம், எடுக்கலாம். 'எம்.பி.' (MB) என்றால் மெதைல் புரோமைட் என்ற நச்சுப் புகை காட்டியது, விட்டுவிடுங்கள். எண்ணெயோ மருந்தோ ஊறிக் கறுத்த தட்டும் வேண்டாம். அலவாங்கு வைத்து ஒரேயடியாகக் கிளப்பினால் பலகை பிளந்துவிடும். மறுபக்கத்தில் இருந்து கட்டையோடு சேர்த்துச் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டி ஆணியைத் தளர்த்துங்கள். கழற்றிய ஆணியை எறியாமல் கல்லில் வைத்து நிமிர்த்தினால் பாதி வேலைக்கு அதுவே போதும்.

கால்களுக்குப் பழைய பனஞ்சலாகையோ பாலை, முதிரைத் தடியோ இருந்தால் அதைப்போல வேறில்லை. உடைத்த கொட்டிலின் கப்பும் வளையும் யாரிடமாவது இருக்கும், கேளுங்கள். காட்டுக்குள் போய்த் தடி வெட்டப் போகாதீர்கள், ஒதுக்கக் காட்டில் அது குற்றம். நிற்கிற பனையைத் தறிக்கவும் அனுமதி வேண்டும். ஒரு கோழிக்கூட்டுக்கு இவ்வளவு வில்லங்கம் எதற்கு? வேலிக் கதியாலில் கவ்வாத்துப் பண்ணிய சீமைக்கிளுவைத் தடி கிடைக்கும். பட்டை உரித்துக் காயவிட்டால் குறுக்குத் தடிக்கு நல்லது. பச்சையாக நட்டால் துளிர்த்துவிடும். ஒருவர் வீட்டில் கூட்டின் நாலு காலும் துளிர்த்து, கூரையைத் தள்ளிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

சிலரிடம் போர்க்காலத்தில் பங்கருக்கு (பதுங்குகுழிக்கு) போட்ட ரயில் சிலிப்பர்கட்டை இன்னும் இருக்கும். இறாத்தல் கணக்கில் ஆணி அடித்தாலும் அசையாத மரம். ஆனால் அதில் ஊறியிருக்கிற கிரியோசோற் எண்ணெய் கோழிக்கும் நமக்கும் நல்லதல்ல. உள்ளே பாவிக்காதீர்கள். படிக்கட்டடியில் மண் அரிக்காமல் போட்டு வைக்கலாம். பெயின்ற் அடித்த பழைய கதவு, ஜன்னல் கிடைத்தால் பெயின்ற் பக்கம் வெளியே வருகிறமாதிரி அடியுங்கள். பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம், கோழியோ எதைக் கண்டாலும் கொத்தும். வேறொருவரின் கோழிக்கூட்டுப் பலகை என்றால் கொதிநீர் ஊற்றிக் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டு, சுண்ணாம்பு பூசின பிறகு பாவியுங்கள். பலகை வெடிப்பில் பேனும் உண்ணியும் கூடவே வரும்.

முல்லைத்தீவுக் கரைப்பக்கம் ஆட்கள் இருந்தால் கிழிந்த மீன்வலை கேட்டு வாங்குங்கள். கூட்டின் சுவருக்கு அது உதவாது, கீரி கடித்துவிடும். குஞ்சு திரிகிற முற்றத்துக்கு மேலே பந்தல்போலக் கட்டினால் பருந்துக்கும் காகத்துக்கும் நல்ல தடை. நிலத்தில் தொங்க விடாதீர்கள். சாரை வந்து சிக்கிக்கொண்டால் அதை வெட்டி எடுக்கிற வேலை உங்களுக்குத்தான், சிக்கினது சாரையாக இல்லாவிட்டால் இன்னும் வில்லங்கம்.

இனி ஒரு விஷயம், வன்னியில் இருக்கிறபடியால் சொல்கிறேன். இரும்பு பொறுக்கும்போதும் குழி கிண்டும்போதும் என்னவென்று தெரியாத எதையும் தொடாதீர்கள், தட்டாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். கண்ணிவெடி அகற்றிக் கையளித்த காணியானாலும் அலவாங்கில் இரும்புச் சத்தம் கேட்டால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். வந்த வழியே தள்ளி வந்து, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல், 119க்கு அறிவியுங்கள். கூட்டை வேறு மூலையில் கட்டலாம்.

எங்கே, எந்தப் பக்கம் பார்த்து

வீட்டுக் கோடிப்பக்கம், படுக்கையில் இருந்து கோழி கத்துவது கேட்கிற தூரத்தில். வேலியோரம் தள்ளி வைத்தால் நாற்றம் குறையும் என்று பலர் நினைப்பார்கள். மரநாய்க்கும் அந்த மூலைதான் விருப்பம். கிணற்றடியில் இருந்து மட்டும் நன்றாகத் தள்ளுங்கள், மழைக்குக் கழிவு கரைந்து ஊறும்.

செம்மண் வளவென்றால் தண்ணீர் நிற்காது. வயலடிக் களிமண் வளவென்றால் கார்த்திகை, மார்கழியில் கணுக்கால் அளவு நிற்கும். 2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு எப்படி இருந்தது என்று பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வளவில் மேடான இடமாகப் பாருங்கள். போன மாரியில் எங்கே தண்ணீர் நின்றது என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் சரியாகச் சொல்வார்கள்.

திசைதான் முக்கியம். எங்களுக்குப் பெருமழை ஐப்பசியில் தொடங்கித் தை வரைக்கும் வாடைக்காற்றோடு வடகிழக்கில் இருந்து வருகிறது. ஆகவே கூட்டின் முதுகு வடக்குக்கு, முகம் தெற்குக்கு. வடக்குச் சுவரும் கிழக்குச் சுவரின் கீழ்ப்பாதியும் மூடியிருக்க வேண்டும். தெற்குப் பக்கம் வலை. வைகாசி தொடங்கித் தென்மேற்கில் இருந்து அடிக்கிற சோளகக் காற்று புழுதியைக் கொண்டுவந்தாலும் அந்த வெக்கைக்கு அது உள்ளே போவது நல்லதுதான். நனைந்த கோழி காற்றில் நின்றால் தாங்காது. 2022 மார்கழியில் மாண்டோஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை மாடுகள் செத்து விழுந்தன என்பது நினைவிருக்கும். மாட்டுக்கே அந்தக் கதி.

மேற்கில் ஒரு வேம்போ பூவரசோ நின்றால் பின்னேர வெயிலை மறைக்கும். கொப்பு கூரைக்கு மேல் வராமல் வெட்டிவிடுங்கள். மரநாய் மரத்தால் வந்து தகரத்தில் இறங்கும்.

காலும் சட்டமும்

நாலு கால் தேவை. முன்னுக்கு, அதாவது தெற்கில், இரண்டு எட்டரை அடித் தடி. பின்னுக்கு இரண்டு ஏழரை அடித் தடி. நாலிலும் இரண்டு அடி மண்ணுக்குள் போகும். முன்பக்கம் ஒரு அடி உயர்ந்து நிற்பதால் மழைத் தண்ணீர் வடக்கே ஓடி விழும், கதவடி சேறாகாது.

மண்ணுக்குள் போகிற பகுதியையும் அதற்கு மேல் அரை அடியையும் நெருப்பில் வாட்டி வெளிப்புறம் கரியாகும்வரை கருக்குங்கள். கறையானுக்கு இது பழைய வைத்தியம். கழிவு ஒயில் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். மண்ணுக்குள் போகிற பகுதிக்கு மட்டும் என்றால் சரி, மேலே பூசினால் கோழி அதில் உரசும். குழியில் முதலில் இரண்டு கல்லைப் போட்டு, காலை நிறுத்தி, மண்ணும் சல்லியுமாகப் போட்டு அலவாங்கின் மொட்டை முனையால் இடியுங்கள். சிமெந்து தேவையில்லை.

நாலு காலும் நின்றதும் மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பாருங்கள். இரண்டு கயிறும் ஒரே நீளம் என்றால் கூடு மூலைமட்டமாக நிற்கிறது. இல்லாவிட்டால் மண் இறுகமுதல் ஒரு காலை அசைத்துச் சரிப்படுத்துங்கள். இதைச் செய்யாமல் விட்டால் கூரைத் தகரம் ஒரு பக்கம் நீட்டி ஒரு பக்கம் குறைந்து, கடைசி வரைக்கும் உங்களைச் சினப்படுத்தும்.

நிலத்தில் இருந்து இரண்டரை அடி உயரத்தில் நாலு பக்கமும் குறுக்குத் தடி. இதுதான் தளம் தாங்கும் சட்டம், ஆகவே இருக்கிறதில் திறமான மரத்தை இதற்கு வையுங்கள். மேலே கூரைக்கு இன்னொரு சுற்று. ஆணியோடு நிற்காமல் ஒவ்வொரு மூட்டையும் கட்டுக்கம்பியால் குறுக்கே நாலு சுற்றுச் சுற்றிக் குறடால் முறுக்குங்கள். பின்பக்கத்திலும் இரண்டு பக்கங்களிலும் மூலையில் இருந்து மூலைக்குச் சாய்வாக ஒரு தடி அடித்தால் சட்டம் ஆடாது. 2020 மார்கழியில் புரெவிப் புயல் வன்னிக்கு மேலால் போனபோது என் கூடு நின்றதற்கு இந்தச் சாய்வுத் தடியும் கட்டுக்கம்பியும்தான் காரணம் என்று அப்பு சொல்கிறார். எனக்கென்னவோ வேப்பமரம் மறைத்தது என்றுதான் படுகிறது.

காலில் தளத்துக்குக் கீழே ஒன்றரை அடி உயரத்துக்கு வழுவழுப்பான தகரம் சுற்றி அடியுங்கள். பழைய பிஸ்கற் ரின்னைப் பிரித்துத் தட்டினால் போதும். எலியும் பாம்பும் அதில் பற்றி ஏறுவது கஷ்டம்.

தளம்

மண் தளத்தைவிட எட்ட நிற்கிற தளம் எங்கள் மாரிக்குப் பொருத்தம். பலகைத் தட்டில் கழற்றிய பலகையை இரண்டு அங்குல அகலச் சட்டங்களாகக் கிழித்து, ஒவ்வொன்றுக்கும் நடுவே முக்கால் அங்குலம் விட்டு அடியுங்கள். எச்சம் கீழே விழ வேண்டும், கோழியின் கால் விழக்கூடாது. பெருவிரல் நுழைந்தால் போதும், இரண்டு விரல் நுழைந்தால் கூடிவிட்டது. நடுவில் தொய்யாமல் அடியில் இரண்டு தாங்கு தடி போடுங்கள். வலை மிஞ்சினால் சட்டங்களுக்குக் கீழே அடித்துவிடலாம். குஞ்சு விடும் காலத்தில் ஒரு மூலையில் சாக்கு விரித்தால் சின்னக் கால் சிக்காது.

தளத்துக்குக் கீழே நிலத்தில் உமி போடுங்கள். அரிசி ஆலையில் கேட்டால் மூட்டை கட்டித் தருவார்கள். எச்சமும் உமியும் சேர்ந்து நாற்றமில்லாமல் காயும், கிழமைக்கொருதரம் வாரி எடுத்து ஒரு மூலையில் குவியுங்கள். இரண்டு மூன்று மாதம் மக்கின பிறகு கத்தரிக்கும் மிளகாய்க்கும் போடலாம். பச்சையாகப் போட்டால் கன்று எரிந்துவிடும்.

சுவர், வலை

இங்கேதான் காசு. கடையில் கேட்க வேண்டியது அரை அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த கெட்டி வலை. ஆறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிக்கம்பி மலிவு, கோழி வெளியே போகாமல் அது தடுக்கும். நாய் உள்ளே வராமல் அது தடுக்காது. பல்லால் பிடித்து இழுத்தால் சேலை கிழிகிறமாதிரிக் கிழியும். ஏற்கெனவே கோழிக்கம்பி இருக்கிறதென்றால் மேல்பகுதிக்குப் பாவித்து, கீழ் இரண்டு அடிக்கு வெல்ட் மெஷ் அடியுங்கள்.

வடக்குச் சுவர் முழுக்கத் தகரம். கிழக்கிலும் மேற்கிலும் கீழ்ப்பாதி பலகையோ தகரமோ, மேல்பாதி வலை. தெற்கு முழுக்க வலை, அதில் கதவு. வலையைத் தடியின் வெளிப்பக்கத்தில் 'யூ' வடிவ ஆணியால் மூன்று அங்குலத்துக்கு ஒன்றாக அடித்து, அதற்கு மேலே ஒரு பலகைச் சட்டத்தை வைத்து இறுக்குங்கள். வெறும் ஆணியை மட்டும் நம்பினால் ஒரு மூலை எப்போதாவது கழரும். மரநாய் ஒவ்வொரு இரவும் வந்து அந்த மூலையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகும் பிராணி.

கூரைக்கும் சுவருக்கும் இடையில் காற்றுக்கு இடைவெளி வேண்டும்தான். முதல் கூட்டில் அதைத் திறந்தபடி விட்டேன். இந்தக் கூட்டில் விட்டு, வலையால் மூடியிருக்கிறேன், அவ்வளவே வித்தியாசம். முழுக்க அடைப்பது அதைவிட மோசம். மழைக்குப் பயந்து நாலு பக்கமும் தறப்பாள் சுற்றிக் கட்டுகிறவர்கள் உண்டு. விடியக் கதவைத் திறந்து முகத்தை உள்ளே விட்டுப் பாருங்கள். கண் எரிந்தால் கோழிக்கு இரவு முழுக்க அப்படித்தான் எரிந்திருக்கும். பிறகு மூக்கொழுகுகிறது, தூங்கி விழுகிறது என்று மருந்து தேட வேண்டிவரும். சாரல் அடிக்கிற நாட்களுக்கு இரண்டு உரப்பையைத் தைத்துத் தெற்குப் பக்கம் சுருட்டிக் கட்டி வையுங்கள். தேவைப்பட்டால் பாதிக்கு இறக்கி விடலாம், மேலே ஒரு சாண் எப்போதும் திறந்திருக்கட்டும்.

கூரை

நாலு பக்கமும் ஒரு அடி வெளியே நீட்டினால் ஏழு அடித் தகரம் நாலு போதும். எட்டு அடியாக இருந்தால் வெட்டாதீர்கள், முன்பக்கம் நீட்டி விடுங்கள், கதவடிக்கு நிழல். மேற்குப் பக்கத்தில் முதல் தகரத்தைப் போட்டு, அடுத்ததை அதன்மேல் ஒன்றரை நெளி ஏற்றி, கிழக்கு நோக்கிப் போங்கள். அப்படிப் போட்டால் வாடைக்காற்று மடிப்புக்குள் புகுந்து தகரத்தைக் கிளப்பாது.

ஆணியை நெளியின் மேட்டில் அடிக்க வேண்டும், பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் அந்தத் துளையைத் தேடி வரும். ஆணிக்குக் கீழே வைக்க அறுந்த பாட்டாச் செருப்பை ஒரு ரூபாய்க் குற்றியளவு வட்டமாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செருப்பில் ஒரு கூரைக்கு வேண்டியது வரும். பழைய ஓட்டைகளை, தகரத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்து, எவ்வளவு முடியுமோ அவ்வளவை மடிப்புக்குள்ளும் நீட்டின ஓரத்திலும் வருகிறமாதிரி ஒழுங்குபண்ணுங்கள். மிஞ்சியதைத் தாரில் தோய்த்த சீலைத்துண்டால் ஒட்டலாம். எங்கள் வீட்டில் கடைசி மகன் ஓட்டை எண்ணினான், நாலு தகரத்தில் இருபத்து மூன்று.

பங்குனி, சித்திரையில் வெறும் தகரத்துக்குக் கீழே கோழி வாயைத் திறந்து இளைக்கும். தகரத்தின் மேலே பனையோலையோ கிடுகோ பரப்பி, காற்றுக்குப் பறக்காமல் தடி வைத்துக் கட்டுங்கள். உள்ளே கை வைத்தாலே வித்தியாசம் தெரியும். மழை தொடங்கமுதல் அந்த ஓலையைக் கிளப்பிப் பார்க்க மறக்க வேண்டாம், தேளும் பூரானும் குடியிருக்கும்.

கதவு

நீங்கள் உள்ளே கையும் தலையும் விட்டுக் கூட்டுகிற அளவு இருக்க வேண்டும், இரண்டு அடி அகலம், மூன்று அடி உயரம். பழைய அலுமாரிக் கதவு கிடைத்தால் நடுப்பலகையைக் கழற்றி வலை அடிக்கலாம். ரயர் ரப்பரை வெட்டிப் பிணைச்சலாக அடிக்கிறவர்கள் உண்டு. முட்டைப் பெட்டியின் மூடிக்கு அது போதும், கதவுக்குப் போதாது. வெயிலில் வெடித்து ஒருநாள் கதவு தொங்கும். கதவுக்கு இரும்புப் பிணைச்சல் இரண்டு வாங்குங்கள்.

கொண்டி ஒன்று, அதோடு கீழே ஒரு கொளுக்கி. மேலே மட்டும் கொண்டி போட்டால் கீழ் மூலையை நாய் மூக்கால் தள்ளி வளைக்கும். சுற்றிவிடுகிற மரக்கட்டைக் கொண்டி மரநாய்க்கு விளையாட்டுச் சாமான். திருவிழாக் காலத்தில் ஆமைப்பூட்டும் போடுவது நல்லது. அப்போது வருகிறது நாலுகால் பிராணி அல்ல.

கோழி ஏற ஐந்து அடிப் பலகையில் அரை அடிக்கொரு குறுக்குச் சட்டம் அடித்துச் சாய்த்து வையுங்கள். இரவில் அதை எடுத்துவிட வேண்டும்.

படுக்கையும் முட்டைப் பெட்டியும்

கோழி நிலத்தில் படுக்காது, தடியில் குந்தும். தளத்தில் இருந்து ஒன்றரை அடி உயரத்தில், பின்சுவரில் இருந்து ஒரு அடி தள்ளி, ஆறு அடி நீளத்தில் ஒரு தடி. ஒன்றுக்கு எட்டு அங்குலம் என்று கணக்குப் பார்த்தால் எட்டுக் கோழிக்குச் சரி. தடி ஒன்றரை, இரண்டு அங்குலத் தடிப்பில் முள்ளும் சிராயும் இல்லாமல் இருக்கட்டும். பீ.வி.சி. குழாய் வழுக்கும், வேண்டாம். இரண்டு தடி போடுவதென்றால் ஒரே உயரத்தில் போடுங்கள். ஒன்று உயரமாக இருந்தால் எல்லாவற்றுக்கும் அதுதான் வேண்டும், பொழுதுபட்டதும் ஒரு சண்டை.

முட்டைப் பெட்டி ஒரு அடி நீளம், அகலம், உயரம். ஆறு பேட்டுக்கு இரண்டு போதும், எப்படியும் எல்லாம் ஒரே பெட்டிக்குத்தான் வரிசையில் நிற்கும். பழப்பெட்டி, உடைந்த பிளாஸ்ரிக் கூடை, பக்கம் வெட்டின இருபது லீற்றர்க் கான், எதுவும் சரி. வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்து இருந்த கான் மட்டும் வேண்டாம், எத்தனை தரம் கழுவினாலும் வேண்டாம். படுக்கைத் தடியைவிடத் தாழ்வாக வையுங்கள், உயர வைத்தால் அதிலேயே படுத்து எச்சமிட்டு முட்டையை நாறடிக்கும். உள்ளே வைக்கோல். கிழக்குச் சுவரில் ஒரு சின்ன மூடி வைத்தால் வெளியே நின்றே முட்டை எடுக்கலாம். அதற்கும் கொண்டி வேண்டும்.

அடைவைக்கக் கடகம்தான் நல்லது. மண்ணும் வைக்கோலும் போட்டு முட்டை அடுக்கும்போது ஒரு கரித்துண்டும் ஒரு இரும்பாணியும் வைப்பது எங்கள் வழக்கம், இடிக்கு முட்டை கூழாகாதாம். இடி அடிக்கிற காலத்தில் நானும் வைப்பேன். ஆணி ஒன்றால் என்ன குறைந்துவிடும்? இருபத்தோராம் நாள் குஞ்சு பொரிக்கும். பொரித்த குஞ்சுக்குக் கறையான் புற்றில் ஒரு துண்டை வெட்டிப் போட்டுப் பாருங்கள், அதன் ஓட்டத்தைப் பார்த்தே அரைநாள் போய்விடும்.

பிறகு

குஞ்சு வாங்கியதும் பக்கத்துக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து எப்போது போடுகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். அந்த நோய் ஊருக்குள் வந்தால் எவ்வளவு நல்ல கூடும் உதவாது. கூட்டின் பக்கத்தில் நனையாத இடமாகச் சாம்பலும் மணலும் கலந்து ஒரு குவியல் போட்டால் கோழி அதில் புரண்டு தன் பேனைத் தானே பார்த்துக்கொள்ளும். மாதத்தில் ஒருநாள் இரவில் ரோச் அடித்துப் படுக்கைத் தடியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சிவப்பாகப் பொடி ஊர்ந்தால் மறுநாள் தடியைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றி வெயிலில் போடுங்கள்.

புதுக் கூட்டில் கோழியை விட்டதும் மூன்று நாலு நாள் திறக்காதீர்கள். உள்ளேயே தீனும் தண்ணீரும் வையுங்கள். இதுதான் வீடு என்று பழகிவிடும். ஐந்தாம் நாள் பின்னேரம் திறந்துவிட்டால் பொழுதுபடத் தானாகத் திரும்பி வரும். ஒன்று மட்டும் எப்படியும் முருங்கையில் ஏறி நிற்கும். கூப்பிட்டும் கல்லெறிந்தும் களைக்காமல் நன்றாக இருட்டும்வரை பொறுங்கள். இருட்டினால் கோழிக்குக் கண் தெரியாது, கையை வைத்தால் அப்படியே வரும். தூக்கி உள்ளே விட்டு, எண்ணிப் பார்த்து, கொண்டியையும் கொளுக்கியையும் போட்டுவிட்டு ஏணிப் பலகையை எடுத்து வையுங்கள்.